லைன் அறுந்தால் கடை நடக்குமா?

‘கணினி வலையமைப்பின் வகைகளை விளக்குக’ என்ற வினாவைக் கொடுத்தால் நம் மேல்நிலை மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுவார்கள். ஒரு கட்டடத்துக்குள் என்றால் குறும்பரப்பு வலையமைப்பு, ஒரு நகரத்துக்குள் என்றால் பெருநகர வலையமைப்பு, அதைத் தாண்டினால் விரிபரப்பு வலையமைப்பு. முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அதே மாணவரிடம், “உங்கள் மாமா இரண்டு ஊர்களில் உரக்கடை வைத்திருக்கிறார். இரண்டிலும் இருப்பு ஒரே கணக்கில் தெரிய வேண்டும். எந்த இணைப்பை வாங்கச் சொல்வாய்?” என்று கேட்டால், “வைஃபை போட்டால் போதும் சார்” என்பார்.

பாடநூல் வலையமைப்பைத் தூரத்தை வைத்துப் பிரிக்கிறது. தொடக்கத்துக்கு அந்தப் பிரிவு வேண்டும்தான். ஆனால் காசு கொடுத்து இணைப்பு வாங்குகிற வணிகருக்கு வேறு நான்கு கேள்விகள் இருக்கின்றன. யார் யாரோடு பேச வேண்டும்? பதில் வர எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? வழியில் பிறர் கண்ணில் பட்டால் என்ன நட்டம்? இணைப்பு அறுந்துபோனால் அன்றைய வியாபாரம் என்ன ஆகும்? இவற்றில் நான்காவதைத்தான் நாம் வகுப்பில் மிகக் குறைவாகப் பேசுகிறோம். வணிகவியல், கணினிப் பயன்பாடுகள் ஆகிய இரண்டு பாட ஆசிரியர்களும் சேர்ந்து எடுக்கத் தகுந்த ஒரு நல்ல எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே இருக்கிறது. அது தேசியப் பங்குச் சந்தை.

1990களின் தொடக்கம் வரை பங்கு வாங்குவதும் விற்பதும் கூடத்தில் நின்று குரல் கொடுத்தும் கைச்சாடை காட்டியும் நடந்தன. மும்பையில் ஒரு கூடம், சென்னையில் ஒரு கூடம், கோயம்புத்தூரிலும் ஒரு பங்குச் சந்தை. ஒரே நிறுவனத்தின் பங்கு ஒரே நேரத்தில் ஓர் ஊரில் ஒரு விலைக்கும் மற்றோர் ஊரில் வேறு விலைக்கும் போகும். மும்பை விலையைத் தெரிந்துகொள்ள மற்ற ஊர்க்காரர் தொலைபேசியை நம்பி இருந்தார். 1992இல் தொடங்கப்பட்ட தேசியப் பங்குச் சந்தை இதை மாற்ற நினைத்தது. கூடமே வேண்டாம், தரகர் தம் ஊரிலேயே திரையைப் பார்த்து வாங்கட்டும், நாடு முழுவதும் ஒரே விலை தெரியட்டும் என்பது திட்டம். 1994 நவம்பரில் பங்கு வர்த்தகம் அப்படித் தொடங்கியது.

அதற்கு எந்த இணைப்பைத் தேர்வது என்பதுதான் அன்று பெரிய கேள்வி. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள்தான் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஆகவே இன்று நாம் முதலில் நினைக்கும் வழி அன்று இல்லவே இல்லை. கையில் இருந்தவை மூன்று. முதலாவது, சாதாரணத் தொலைபேசியில் மோடம் வைத்து எண்ணைச் சுழற்றி இணைவது. ஒவ்வொரு முறையும் லைன் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், வெளியூர் என்றால் எஸ்.டி.டி. கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சின் நடுவில் லைன் போனால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, தொலைத்தொடர்புத் துறையிடம் மாத வாடகைக்கு ஒரு தனித் தடத்தை வாங்குவது. இதைத்தான் லீஸ்டு லைன் என்கிறோம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நாட்டின் எல்லா ஊர்களிலும் உடனுக்குடன் கிடைக்கவும் கிடைக்காது, கிடைத்த இடத்தில் செம்புக் கம்பி நம்பும்படி இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. மூன்றாவது, மொட்டை மாடியில் ஓரிரு மீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை வைத்து, செயற்கைக்கோள் வழியாகப் பேசுவது. இதன் பெயர் வி-சாட்.

தேசியப் பங்குச் சந்தை வி-சாட்டைத் தேர்ந்தது. தட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையில் தோண்ட மண் இல்லை, சாய மரம் இல்லை. மின்சாரமும் திறந்த வானமும் இருந்தால் எந்த ஊரிலும் நிறுவிவிடலாம். வாங்கு, விற்பனை ஆணை என்பது சில நூறு எழுத்துகளுக்குள் அடங்கும் சிறு செய்தி, ஆகவே அலைக்கற்றையும் கொஞ்சம் போதும். தரகர்கள் ஒருவரோடொருவர் பேசத் தேவையில்லை, எல்லாரும் பேச வேண்டியது மும்பையில் இருக்கும் மையக் கணினியோடு மட்டும்தான். பாடத்தில் நாம் வரையும் நட்சத்திர இணைப்புமுறை இங்கே வானத்தை அளாவி நிற்கிறது. கரும்பலகையில் ஐந்து கணினிகளை நடுவிலிருக்கும் ஒரு பெட்டியோடு கோடு போட்டு இணைத்துக் காட்டுவதைவிட இந்தப் படம் மாணவர் மனத்தில் நிற்கும்.

இதில் தாமதம் எவ்வளவு என்பதை வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். அந்தச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் என்றால், ஒரு செய்தி மும்பை போய்ச் சேர 0.24 நொடி, பதில் திரும்ப இன்னொரு 0.24 நொடி. கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய அரை நொடி. எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கினாலும் இது குறையாது. இயற்பியல் ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்ளலாம்.

குரல் கொடுத்து வியாபாரம் செய்த காலத்துக்கு அரை நொடி ஒரு பொருட்டே அல்ல. அதைவிட ஒரு சிறப்பு இருந்தது. வி-சாட் வழியே வருகிற எவருக்கும், அவர் நாகர்கோவிலில் இருந்தாலும் மும்பையிலேயே இருந்தாலும், தாமதம் ஏறத்தாழ ஒன்றே. 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு முன்னால் ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் எங்கே தெரியும்? தூரத்தால் பின்தங்கியிருந்த ஊர்க்காரருக்கு வலையமைப்பே ஒரு சமநிலையைக் கொடுத்தது. சுமார் ஓராண்டிலேயே இந்தப் புதிய சந்தை நாட்டின் மிகப் பெரிய பங்குச் சந்தை ஆனது. நூற்றாண்டு கடந்த மும்பைப் பங்குச் சந்தையும் 1995இல் திரைவழி வர்த்தகத்துக்கு மாறியது.

வி-சாட்டுக்கும் குறை உண்டு. கனமழையில் சமிக்ஞை தளரும். ஆண்டுக்கு இரு முறை, மார்ச் வாக்கிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும், தட்டிலிருந்து பார்க்கையில் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். சில நாட்களுக்கு, நாளுக்குச் சில நிமிடங்கள் இந்தத் தடை நீடிக்கும். இதற்காகப் பங்குச் சந்தை வர்த்தக நேரத்தையே மாற்றி அமைத்ததுண்டு. எந்த நாளில் எந்த நேரத்தில் இணைப்பு போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடிகிற ஒரே தடை இதுவாகத்தான் இருக்கும். அறிவிக்கப்பட்ட மின்தடையைக்கூட நாம் அவ்வளவு நம்புவதில்லை!

பிறகு கண்ணாடி இழை வந்தது. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே கேபிள் போகும் பாதை 1,300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு 0.0065 நொடி. செயற்கைக்கோள் வழியின் 0.24 நொடியோடு ஒப்பிடச் சொன்னால் மாணவர்களே வியப்பார்கள். இந்த வித்தியாசம் வந்தவுடன், நேற்று வரை யாரும் கவனிக்காத அரை நொடி பெரிய நட்டமாகிவிட்டது. ஒரே விலைக்கு இருவர் ஆணை கொடுத்தால், முதலில் போய்ச் சேர்ந்தவருடையதுதான் முதலில் நிறைவேறும். தரகர்கள் லீஸ்டு லைனுக்கு மாறினார்கள். பின்னர், கட்டணம் கட்டிச் சந்தையின் தரவு மையத்துக்குள்ளேயே தங்கள் கணினிகளைக் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாடும் வந்தது. அங்கே எல்லாருக்கும் சமமான அணுகல் கிடைத்ததா என்பது செபியின் விசாரணை வரை போனது. 1994இல் கிடைத்த அந்தச் சமநிலை அதற்குப் பிறகு அப்படியே இருக்கவில்லை. சமுதாய அறிவியல் ஆசிரியர்கள்கூட எடுத்துப் பேசலாம்.

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். 2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தையில் எல்லாப் பிரிவுகளிலும் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. வழக்கமாக மாலை 3.30 மணிக்கு முடியும் சந்தை, அன்று 3.45 மணிக்குத்தான் மறுபடி திறந்து 5 மணி வரை நடந்தது. காரணம் என்னவென்றால், தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. ஒரே நிறுவனத்தை நம்பி இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இரண்டு நிறுவனங்களிடமிருந்து பல இணைப்புகள் வாங்கி வைத்திருந்தார்கள், இரண்டுமே அன்று தடுமாறின. சாலையோரம் நடந்த தோண்டல், கட்டுமானப் பணிகளே இணைப்புகள் தடுமாற முக்கியக் காரணம் என்று சந்தை பின்னர் விளக்கம் தந்தது. இணைப்புத் தடுமாற்றம் தரவுச் சேமிப்பு அமைப்பையும் பாதித்ததால் இடர் மேலாண்மை முறை இயங்காமல் போயிற்று. அது இல்லாமல் வர்த்தகத்தை நடத்த முடியாது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிட நினைத்திருந்தவர்கள் பலர், இயங்கிக்கொண்டிருந்த மும்பைப் பங்குச் சந்தைக்கு ஓடினார்கள்.

இவ்வளவு பணமும் இவ்வளவு பொறியாளர்களும் இருக்கும் இடத்திலேயே மண்வெட்டி வேலை காட்டுகிறது என்றால், நம் ஊர்க் கடைத்தெருவைச் சொல்ல வேண்டுமா? குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய மறுநாள் எந்தெந்தக் கடைகளில் ‘கார்டு வேலை செய்யாது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். ‘இரண்டு கம்பெனி லைன் வாங்கியிருக்கிறேன், கவலை இல்லை’ என்று சொல்லும் கடைக்காரரிடம், இரண்டும் எந்தக் கம்பத்தின் வழியாக வருகின்றன என்று கேட்க நம் மாணவருக்குத் தெரிய வேண்டும். வழங்குபவர் இருவர் என்பதாலேயே வழியும் இரண்டு ஆகிவிடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து, மின்சாரமும் போய், கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்த நாட்களை டெல்டா மாவட்ட ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, இன்று ஒரு சிறு வணிகருக்கு என்னென்ன வாய்ப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். கடைக்கு வெளியே போகும் இணைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். நாம் வீட்டுக்கு வாங்கும் ஃபைபர் பிராட்பேண்ட் என்பது ஊர்ச்சாலை மாதிரி. எல்லார் வண்டியும் அதில்தான் போகும். கூட்டம் இல்லாத நேரத்தில் விரைவாகப் போகலாம், மாலை ஏழு மணிக்கு நெரிசல். ‘100 எம்.பி. வரை’ என்ற விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டும். லீஸ்டு லைன் என்பது நமக்கென்று ஒதுக்கிய தடம். அனுப்பவும் பெறவும் ஒரே வேகம், இத்தனை மணி நேரத்தில் சரிசெய்து தருவோம் என்ற எழுத்து மூல உறுதி, அதற்கேற்ற வாடகை. பல கிளைகள் உள்ள வங்கி போன்ற நிறுவனங்கள், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள் வலையமைப்பிலேயே தங்கள் கிளைகளுக்கு மட்டும் ஒரு தனிவழி போட்டுக்கொள்வதும் உண்டு. மின்கம்பமே எட்டாத மலைப்பகுதிக்கும் தீவுக்கும் வி-சாட் இன்றும் இருக்கிறது. சிம் கார்டு போட்ட ரூட்டரை இன்று பலரும் இரண்டாவது வழியாக வைத்துக்கொள்கிறார்கள். மிகக் குறைந்த செலவில் மண்ணுக்கடியில் போகாத ஒரு வழி இதுதான். கோபுரத்துக்குப் பின்னால் ஓடுவதும் கண்ணாடி இழையாக இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

வி.பி.என். என்பதை இவற்றோடு வரிசையில் சேர்த்து ஒரு ‘வகை’யாகச் சொல்லிக்கொடுப்பதுதான் குழப்பத்துக்கு வழி. அது சாலை இல்லை, அரக்கு முத்திரை வைத்த உறை. உறை போவது அதே ஊர்ச்சாலையில்தான். வழியில் யாராவது எடுத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, அவ்வளவே. மேலே சொன்ன உரக்கடைக்காரருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டு கடைகளிலும் சாதாரண பிராட்பேண்ட், இரண்டு ரூட்டர்களுக்கும் இடையில் வி.பி.என். இருந்தால் இருப்புக் கணக்கு பத்திரமாகப் போய்வரும். ஆனால் சாலை அறுந்தால் முத்திரை வைத்த உறையும் நின்றுவிடும். வி.பி.என். போட்டால் வேகம் கூடும், லைன் அறாது என்றெல்லாம் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்குள் இருக்கும் வலையமைப்பு இன்னும் முக்கியம், அதைத்தான் நாம் இணையத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நான்கு மாடி ஜவுளிக்கடையில் மாடிக்கு மூன்று பில் கவுண்ட்டர்கள், கீழே அறையில் ஒரு சர்வர், எல்லாவற்றையும் சேர்க்கும் சுவிட்ச். இது குறும்பரப்பு வலையமைப்பு. ஒரு செம்புக் கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விதி இங்கே உயிரோடு நிற்கிறது. கேபிள் படிக்கட்டைச் சுற்றி, மேற்கூரைக்கு மேல் ஏறி இறங்குகையில் 100 மீட்டர் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். வெளியே லைன் அறுந்தாலும் இந்த உள் வலையமைப்பு இயங்கும். பில் போடும் மென்பொருளும் விலைப்பட்டியலும் கீழே உள்ள சர்வரில் இருந்தால், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்திலும் ரொக்க வியாபாரம் நிற்காது. மென்பொருளை முழுக்க மேகக் கணினியில் வைத்திருந்தால் உள்ளே எல்லா விளக்கும் எரியும், பில் மட்டும் வராது. மேகக் கணினி கூடாது என்று நான் சொல்லவில்லை. தீ விபத்திலோ திருட்டிலோ சர்வர் போய்விட்டால் கணக்கு பிழைப்பது அதனால்தான். எது அறுந்தால் எது நிற்கும் என்று தெரிந்து தேர்வு செய்ய வேண்டும்.

‘வைஃபை வரல சார்’ என்ற வாசகத்தை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் பழக்கலாம். வைஃபை என்பது கைபேசிக்கும் ரூட்டருக்கும் இடையில் உள்ள சில மீட்டர் காற்று. அது நன்றாக இருந்து, ரூட்டரிலிருந்து வெளியே போகும் இழை அறுந்திருக்கலாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வெளி இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்பச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆய்வகப் பொறுப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்க.

எண்களில் ஒரு பொறியும் இருக்கிறது. இணைப்பின் வேகத்தைப் பிட் கணக்கில் விற்கிறார்கள், கோப்பின் அளவைப் பைட் கணக்கில் பார்க்கிறோம். 40 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 5 மெகாபைட்தான். கண்காணிப்புக் கேமரா ஒவ்வொன்றும் 2 மெகாபிட் அனுப்புகிறது என்று கொண்டால், எட்டுக் கேமராக்கள் உள்ள கடைக்கு வெளியே அனுப்பும் வேகம் மட்டுமே 16 மெகாபிட் வேண்டும். முதலாளி வீட்டிலிருந்து எட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்கும்போது கவுண்ட்டரில் பில் நகராமல் நிற்பதன் மர்மம் இதுதான்.

இவற்றையெல்லாம் கரும்பலகையில் முடிக்காமல், மாணவர்களை மூன்று மூன்று பேராகக் கடைத்தெருவுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு மருந்துக்கடை, ஓர் அரிசி மண்டி, ஒரு கூட்டுறவுச் சங்கம் போதும். அங்கே எத்தனை வலையமைப்புகள் ஓடுகின்றன என்று எண்ணி வரச் சொல்லுங்கள். ‘எங்கள் கடையில் கம்ப்யூட்டரே இல்லை’ என்பவரின் மேசையில்கூட, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு சிம் கார்டு. பக்கத்தில் கார்டு தேய்க்கும் கருவி, அதற்குள் இன்னொன்று. கடைக்காரர் கைபேசியில் மூன்றாவது. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவையா, வெவ்வேறா? மின்சாரம் போனால் எது எவ்வளவு நேரம் தாங்கும்? பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது, ஃபைபர் பெட்டிக்குக் கடையிலேயே மின்சாரம் வேண்டும் என்பதைப் பெரியவர்களே மாணவர்களுக்குச் சொல்வார்கள். கடைசியாக, “போன முறை லைன் போனபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு வியாபாரம் போயிற்று?” என்று கேட்டு எழுதி வரட்டும். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் தாளில் ரசீது போட்டுவிட்டு இரவில் உட்கார்ந்து கணினியில் ஏற்றியதைச் சொல்வார். அந்தத் தாள் ரசீதுப் புத்தகத்தையும் அவருடைய வலையமைப்பின் ஒரு பகுதியாகவே மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கலாம்.

அந்த வரைபடத்தோடு திரும்பி வந்த பிறகு, ஒவ்வொரு குழுவும் தான் பார்த்த கடைக்கு ஒரு பரிந்துரை எழுதட்டும். மாத வாடகை எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மருந்துக்கடைக்கு லீஸ்டு லைன் வாங்கச் சொல்லும் குழு ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு நாள் இணைப்பு போனால் அந்தக் கடைக்கு ஆகும் நட்டத்தையும் லீஸ்டு லைனின் ஆண்டு வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். வணிகவியல் ஆசிரியர் திருத்த வேண்டிய இடம் இது.

அனுப்புவதற்கு முன் இரண்டு குறிப்புகள். கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண், கேமராவில் தெரியும் காட்சி ஆகியவற்றை மாணவர்கள் கேட்கவோ எழுதவோ படம் எடுக்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை ஆறுக்குப் பிறகும் எந்தக் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்காது. சாப்பாட்டு நேரம் கழிந்து மூன்று மணிவாக்கில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.